ஓர் அம்மா, மூன்று சபை: ஒற்றுமைக்குக் கையெழுத்து வாங்க முடியுமா?

கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டப்புறச் சிறுநகரம். செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர், கையெழுத்திலேயே நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர், சபை அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய பெற்றோர் கத்தோலிக்கர்கள். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். அங்கே ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சிறு கோயில் ஒன்று இருந்தது. மாதம் ஒரு முறை ஃபாதர் வருவார். மற்ற ஞாயிறுகளில் லூத்தரன் வீடு, மெதடிஸ்ட் வீடு என்று பார்க்காமல் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து பாடுவார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய் செம்பனை வந்ததும் மக்கள் டவுனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவரவர் சபை அவரவருக்கு என்று ஆனது. கல்யாணத்துக்குப் பிறகு இவர் மனைவியோடு மெதடிஸ்ட் சபைக்குப் போகிறார். அண்ணன் இன்றும் கத்தோலிக்கர், பங்கில் பொறுப்பும் உண்டு. தம்பி சில வருடங்களுக்கு முன் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் மூழ்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அந்தச் சபை ஒரு கடைவீட்டு மாடியில் கூடுகிறது. அதன் பாஸ்டர் இளைஞர், வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

போன வருடம் அம்மா காலமானார். வீட்டு முன் பந்தலில் பெட்டியைச் சுற்றி அண்ணன் குடும்பத்தார் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதியிலேயே தம்பி கித்தாரை எடுத்துப் பாட்டைத் தொடங்கிவிட்டார். "செத்தவங்களுக்கு ஜெபம் பண்றது பைபிள்ல எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மறுநாள் அடக்கப் பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் நின்ற இவரிடம், ஒருவர் வந்து காதோரமாக "நீங்க வாங்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெற்ற தாயின் அடக்கத்தில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது போல இருந்தது என்று எழுதியிருக்கிறார்.

இவர் டவுனில் நான்கு சபைகள் சேர்ந்து நடத்தும் கிறிஸ்துமஸ் கேரல் குழுவின் செயலாளரும்கூட. அந்த இளம் பாஸ்டரின் பிரசங்கம் ஒன்று வாட்சாப்பில் சுற்றியது. குழந்தையில் தண்ணீர் தெளித்ததை ஞானஸ்நானம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களின் இரட்சிப்பு சந்தேகத்துக்குரியது என்பது அதன் சாரம். குழுவில் பெரிய சண்டை. அதன் பிறகு இவர் உட்கார்ந்து பன்னிரண்டு அம்சங்களில் ஓர் 'ஐக்கிய உடன்படிக்கை' எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குள் நான்கு சபைத் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், போடாதவர்களைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்பது அவர் திட்டம். கேள்விகள் மூன்று: இந்த உடன்படிக்கை சரியா? அம்மாவின் ஆண்டு நினைவை யார் முறைப்படி நடத்துவது? அந்தப் பாஸ்டர் மீது அவர்களுடைய தலைமையகத்துக்குப் புகார் எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடும்ப ஆலோசகர். இறையியல் படித்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் சபைக்குப் போகிறவள். ஆக, குழந்தை ஞானஸ்நானம் பெற்ற கட்சியில் நானும் இருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் உடன்படிக்கைக்கு ஐந்து பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அம்மாவின் பந்தலில் நடந்ததற்கு ஒரே ஒரு பத்தி. எனக்கென்னவோ அந்த ஒரு பத்தியில்தான் முழுக் கடிதமும் இருக்கிறது என்று படுகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது உங்கள் ஏக்கம். அதை நேரடியாகச் செய்ய வழி தெரியாமல், நான்கு சபைகளை ஒரே தாளில் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று முடிந்தால் மற்றொன்று தானாக முடிந்துவிடாது. ஆனால் குடும்ப வேலையை முதலில் எடுத்தால் சபை வேலை கொஞ்சம் இலகுவாகும், அதற்கு வாய்ப்பு உண்டு.

உடன்படிக்கையைப் பற்றி

'கிறிஸ்துமஸுக்குள் கையெழுத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அவசரம் புரிகிறது. இதே முயற்சியை நம் மொழி பேசுகிறவர்களும் சேர்ந்து செய்து பார்த்த கதை ஒன்று உண்டு. 1919ல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் அசரியாவும் மற்றச் சபைகளின் இந்தியப் போதகர்களும் கூடி, நாம் ஏன் பிரிந்து கிடக்கிறோம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் உண்மையிலேயே ஒரே சபையாக இணைந்தது 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில். இடையில் 28 வருடங்கள். எல்லாரும் ஒன்றாக வேண்டும் என்று முதலிலிருந்தே ஆசைப்பட்டவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்தது. அப்போதும் லூத்தரன்கள் சேரவில்லை. நாங்கள் எப்போதும் கொஞ்சம் தாமதம்தான், அது வேறு விஷயம். அப்படி இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபை இன்றும் உயிரோடு இருக்கிறது, நல்லது. ஆனால் ஒரே சபையாகிவிட்டதால் உள்ளே சண்டை ஓய்ந்துவிட்டதா என்று தமிழ்நாட்டு உறவினர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சொத்து வழக்குகளைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். ஒரே சபையாகிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற எண்ணத்தை மெதுவாக இறக்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் 4ஆம் அம்சம், எல்லாச் சபைகளும் எல்லா ஞானஸ்நானத்தையும் ஏற்க வேண்டும் என்கிறது. 9ஆம் அம்சம் திருவிருந்தைப் பொதுவாக்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் உலகத்தின் பெரிய பெரிய இறையியலாளர்களே கட்டி முடிக்கவில்லை. 1982ல் பெரு நாட்டின் லீமாவில், பல சபைகளின் இறையியலாளர்கள், கத்தோலிக்கரும் சேர்ந்து உட்கார்ந்து, ஞானஸ்நானம், திருவிருந்து, ஊழியம் மூன்றையும் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில்கூடக் கையெழுத்து கேட்கவில்லை. சபைகளுக்கு அனுப்பி, இதில் காலங்காலமாக வரும் திருச்சபையின் விசுவாசத்தை அடையாளம் காண்கிறீர்களா என்று கேட்டார்கள். வந்த பதில்களைச் சேர்த்து அச்சிட்டபோது ஆறு தொகுதிகள் ஆயின. வேன் ஓட்டிவிட்டு ராத்திரி பிரசங்கம் தயாரிக்கிற ஓர் இளைஞரிடம், கேரல் பாடுவதற்கு நிபந்தனையாக இதைக் கேட்பது நியாயமா, சொல்லுங்கள்.

7ஆம் அம்சத்தை எழுதும்போது உங்கள் பேனா தாளைக் கிழித்துவிட்டிருக்கிறது. ஒரு சபை இன்னொரு சபையின் ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்பது அது. உங்கள் சபையிலிருந்து சில குடும்பங்கள் அந்த மாடிக்குப் போய்விட்டதை எழுதியிருக்கிறீர்கள். ஆடு திருட்டு என்ற வார்த்தையும் வருகிறது. கடிதத்தின் இன்னொரு இடத்தில், நீங்களே கவனிக்காமல், ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள்: தாமான் குடியிருப்பிலிருந்து டவுனுக்குப் பஸ் நின்றுபோனது, அந்தச் சபையின் வேன்தான் வயதானவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறது, ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களை அந்தப் பாஸ்டர்தான் போய்ப் பார்த்தார். ஐயா, போனவர்களில் பாதிப் பேர் ஞானஸ்நானக் கொள்கையைப் படித்துவிட்டுப் போனவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். யாரோ வந்து கூப்பிட்டார்கள், போனார்கள். அதற்கு மருந்து உடன்படிக்கையில் இல்லை. உங்கள் சபைக் கமிட்டியில் ஒரு வேனைப் பற்றிப் பேசுங்கள்.

அப்படியானால் எதையுமே எழுத வேண்டாமா? எழுதலாம், ஒரு பக்கத்துக்குள். கேரல் எந்தத் தேதிகளில், யார் வீட்டில் தொடங்கி எங்கே முடிப்பது, எந்தப் பாட்டுகள், வீடுகளில் யார் ஜெபிப்பது, மைக் யார் கையில், காணிக்கை எதற்குப் போகும். அதோடு ஒரு நடத்தை விதி: குழுவின் பேரால் கூடும் இடத்தில் எந்தச் சபையின் சடங்கையும் தாக்கிப் பேசக் கூடாது. அவரவர் மேடையில் அவரவர் என்ன பிரசங்கம் செய்கிறார்கள் என்பதில் குழு தலையிடாது. இதற்குக் கையெழுத்து வாங்குவது எளிது, மீறினால் சுட்டிக்காட்டுவதும் எளிது.

நாட்டு அளவிலும் இப்படித்தான் நடக்கிறது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லூத்தரன் போன்ற சபைகள் இருக்கும் மலேசியத் திருச்சபைகள் மன்றம், பெந்தெகொஸ்தே, சுவிசேஷ சபைகள் பல இருக்கும் தேசியச் சுவிசேஷக் கிறிஸ்தவ ஐக்கியம், கத்தோலிக்க ஆயர்கள் பேரவை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் 1980களில் மலேசியக் கிறிஸ்தவச் சம்மேளனத்தை அமைத்தன. இந்த மூன்று அணிக்கும் இன்றுவரை பொதுத் திருவிருந்து கிடையாது. ஆனால் கிறிஸ்தவர்களைப் பாதிக்கும் விஷயம் வரும்போது ஒரே குரலில் அறிக்கை விடுகிறார்கள். மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நமக்கு, அந்த மட்டத்து ஒற்றுமையே சாதாரண விஷயம் இல்லை.

நீங்கள் தவறாக எடுத்துக்கொண்ட சில விஷயங்கள்

'கத்தோலிக்கர்கள் நம்முடைய ஞானஸ்நானத்தை ஒப்புக்கொள்வதில்லை, அதனால்தான் என்னை வரிசையிலிருந்து அனுப்பினார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி தவறு. உங்களுக்கு ஞானஸ்நானம் நடந்ததே கத்தோலிக்கக் கோயிலில்தான், அது ஒரு பக்கம் இருக்கட்டும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கப்படும் மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லத்தக்கது என்றே ஏற்கிறது. உங்கள் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்குக் கத்தோலிக்கராக விரும்பினால், சான்றிதழ் இருந்தால் போதும், மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள்.

நற்கருணை வேறு கதை. அவர்கள் முறையில் அந்தப் பந்தி, திருச்சபையோடு முழு ஐக்கியத்தில் இருப்பதன் அடையாளம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 844ஆம் பிரிவு, சில குறிப்பிட்ட நெருக்கடிகளில் தவிர மற்றச் சபையாருக்கு அதைத் திறப்பதில்லை. நீங்கள் வேறு சபையில் சேர்ந்தவர் என்பதால் அந்த விதி உங்களுக்கும் பொருந்தியது. உங்கள் விசுவாசத்துக்கு மதிப்பெண் போட்டுத் தோற்கடித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெதடிஸ்ட் சபையில் கர்த்தரை நேசிக்கிற எவரும் வரலாம் என்று அழைத்துப் பழகியவருக்கு இது வலிக்கத்தான் செய்யும். ஆனால் தாயைப் பறிகொடுத்து நின்ற ஒருவருக்கு அதைச் சொல்ல வேறு விதம் இருந்திருக்கும். வரிசையில் வைத்துக் காதில் சொன்னது சரியில்லை. அதை அண்ணனிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் இதுவரை சொல்லவே இல்லை என்று கடிதம் காட்டுகிறது. அண்ணனுக்கு அது நடந்ததே தெரியாமல் இருக்கலாம். பல பங்குகளில் மற்றச் சபையார் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தால் குருவானவர் ஆசீர் கொடுக்கிறார். அடுத்த முறை பூசைக்கு முன்பே ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தம்பியின் கேள்வி. செத்தவர்களுக்கு ஜெபம் பைபிளில் எங்கே? அண்ணன் கையில் இருக்கும் பைபிளில் இருக்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம், கடைசிப் பகுதி. தம்பி கையில் இருக்கும் பைபிளில் அந்தப் புத்தகமே கிடையாது. கத்தோலிக்கப் பைபிளில் 73 நூல்கள், நம்முடையதில் 66. ஆக, இருவரும் அவரவர் பைபிளுக்கு உண்மையாகவே நடந்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் சண்டை தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அண்ணன் தம்பியைப் 'படிக்காத வெறியன்' என்றும், தம்பி அண்ணனை 'வேதத்தை மீறுகிறவர்' என்றும் பேசுவதற்கு நியாயம் குறைந்துவிடும்.

மூன்றாவதாக, இளம் பாஸ்டர் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டார் என்கிறீர்கள். விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்ற கொள்கை நேற்று முளைத்ததில்லை. 1525 ஜனவரியில் சூரிக் நகரத்தில் சிலர் அப்படி மறுபடி ஞானஸ்நானம் எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை, அந்த நகர மன்றமே லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. கொன்றவர்கள் கத்தோலிக்கர் இல்லை, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள். அந்த மரபில் வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலிருந்து புரியும். பாஸ்டருக்கு அந்த நம்பிக்கை இருக்க உரிமை உண்டு. அடுத்தவரின் இரட்சிப்பையே சந்தேகிப்பது வேறு. அதை நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு.

பெரிய பிளவுகளே நகர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மனிதன் கடவுள்முன் எப்படி நீதிமானாகிறான் என்ற கேள்வியில்தான் லூத்தர் காலத்தில் ஐரோப்பா உடைந்தது. 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில், உலக லூத்தரன் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் அதே கேள்வியில் பொது அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. 2006ல் உங்கள் மெதடிஸ்ட் உலக மன்றமும் அதில் சேர்ந்துகொண்டது. அடிப்படையில் ஒத்துப்போகிறோம், மீதி இருக்கும் வேறுபாட்டுக்காக ஒருவரை ஒருவர் சபிக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். அதற்கு மறுநாள் யாரும் சபையைக் கலைத்துவிடவில்லை.

அம்மாவின் ஆண்டு நினைவு

இதில் நான் தயங்காமல் ஒரு பக்கம் சாய்கிறேன். அம்மா கடைசிவரை கத்தோலிக்கராக இருந்தார். தலையணைக்கடியில் செபமாலை வைத்துத் தூங்கியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவருக்கான பூசையை அண்ணன் கோயிலில் ஒப்புக்கொடுக்கட்டும். அதை மாற்றவோ, பாதி மெதடிஸ்ட் பாதி பெந்தெகொஸ்தே என்று கலக்கவோ வேண்டாம். நீங்கள் போய் உட்காருங்கள். அம்மாவுக்காக ஜெபிப்பது உங்கள் மனசாட்சிக்கு ஒத்து வராவிட்டால், அம்மாவைக் கொடுத்ததற்காக நன்றி சொல்லுங்கள். யாரும் உங்கள் மனதுக்குள் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

தம்பியைப் பூசைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். உணவு விஷயத்திலும் நாள் பார்க்கும் விஷயத்திலும் ஒருவர் மனசாட்சியை இன்னொருவர் நசுக்கக் கூடாது என்று ரோமருக்கு எழுதிய 14ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதை இங்கே வைத்துப் பார்க்கலாம். அவருக்கு வேறொரு வாசலைத் திறந்து வையுங்கள். அன்று மதியச் சாப்பாடு உங்கள் வீட்டில் என்று சொல்லுங்கள். உங்கள் வீடு ஏன் என்றால், அண்ணன் வீட்டுக்குத் தம்பி இப்போது வரமாட்டார், தம்பி வீட்டுக்கு அண்ணன் வரமாட்டார். சாப்பாட்டுக்கு முன் ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அம்மாவைப் பற்றி ஆளுக்கு ஒரு சேதி. சங்கீதம் மூன்று சபைக்கும் பொது, யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. பாட்டைத் தம்பி கித்தாரில் வாசிக்கட்டும். போன வருடம் அதே கித்தார்தான் வினையானது, அதனால் அவர் கையில் அதைக் கொடுக்கும்போது முன்கூட்டியே பேசிவிடுங்கள்: "தம்பி, அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு மட்டும் போதும், அண்ணன் இருக்கார்." செபமாலை கோயிலோடு முடிந்துவிட வேண்டும், பிரசங்கம் மாடியோடு நின்றுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் தம்பி அண்ணனிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது. கொள்கைக்காக மன்னிப்பு கேட்கச் சொல்லாதீர்கள், கேட்கமாட்டார், கேட்கவும் தேவையில்லை. அம்மா பெட்டிக்கு முன்னால், அண்ணன் ஜெபித்துக்கொண்டிருந்தபோது குறுக்கே பாடியதற்காக மட்டும். இந்த வித்தியாசத்தைத் தம்பிக்கு எடுத்துச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான். கூடவே, அவர் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். குடித்துக்கொண்டிருந்த தம்பி அந்தச் சபைக்குப் போன பிறகு குடியை விட்டார் என்று கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் அந்தச் சந்தோஷத்தில்தான் கண்ணை மூடினார் என்கிறீர்கள். அதை அண்ணன் ஒரு முறையாவது தம்பியிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாரா? சொல்லவில்லை என்றால், அவர் பக்கமும் ஒரு பாக்கி இருக்கிறது.

ஒரு வேளை அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கும் வர மறுத்தால்? வர மறுக்கட்டும். அண்ணிக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். ஒரு வருடம் பேசாமல் இருந்தவர் ஒரே நாளில் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்த்தால் நீங்கள்தான் உடைந்துபோவீர்கள்.

இன்னொன்று. அம்மா தன் அடக்கத்தைப் பற்றி எதையும் சொல்லி வைக்கவில்லை, அதுதான் பந்தலில் இடம் கொடுத்தது. நீங்களும் உங்கள் மனைவியும் இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்: எந்தச் சபை, எந்தக் கல்லறை, யார் நடத்த வேண்டும், அண்ணன் வீட்டார் செபமாலை சொல்ல விரும்பினால் எந்த நேரம். பிள்ளைகளுக்குப் பிரதி கொடுங்கள். அபசகுனம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

புகார்க் கடிதம் பற்றி

எழுதாதீர்கள், இப்போதைக்கு. இதுபோன்ற மாடிச் சபைகள் பல தனித்தே இயங்குகின்றன. உங்கள் புகாரை வாங்கிக்கொள்ள ஒரு தலைமையகம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தாலும், மேலிருந்து ஒரு கடிதம் வந்தால் அவர் தன்னை உபத்திரவப்படுத்துகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார், அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு நல்ல விஷயமாகிவிடும். வாட்சாப்பில் சுற்றிய துண்டை மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். முழுப் பிரசங்கத்தையும் கேளுங்கள். பிறகு சாப்பாட்டுக்கடையில் ஒரு டேபிளில் உட்கார்ந்து, "பாஸ்டர், என் அம்மா இரட்சிக்கப்படாமல் செத்தார் என்று சொல்கிறீர்களா?" என்று அமைதியாகக் கேளுங்கள். மேடையில் பேசுவதும் மனிதரைப் பார்த்துப் பேசுவதும் வேறு. அவர் ஆமாம் என்றே சொன்னாலும், எங்கே நிற்கிறீர்கள் என்று இருவருக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு கேரல் குழுவில் அவரோடு வேலை செய்வதா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். நானாக இருந்தால் செய்வேன். ஊருக்கு அவர் வேன் தேவைப்படுகிறது.

ஆனால் ஒரு எல்லை உண்டு. உங்கள் பேரப்பிள்ளைகளையோ சபைப் பிள்ளைகளையோ தனியாக அழைத்து, அப்பா அம்மா நரகத்துக்குப் போவார்கள் என்று பயமுறுத்துகிறார் என்று தெரிந்தால், அது கருத்து வேறுபாடு இல்லை. பெற்றோர் உடனே தலையிட வேண்டும். பெற்றோர் சம்மதமில்லாமல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டாம் என்பதை உங்கள் ஒரு பக்க விதியில் சேர்த்தாலும் நல்லது. இதற்கு அவரும் இசைவார் என்று நினைக்கிறேன்.

கேரலுக்குப் பதிலாக வேறொரு தேதியையும் யோசித்துப் பாருங்கள். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான செப வாரம் உலகின் பல நாடுகளில் நடக்கிறது. 1908ல் தொடங்கிய வழக்கம். 1968லிருந்து அதற்கான செபங்களை வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்தே தயாரிக்கின்றன. டிசம்பரில் எல்லாச் சபையும் தன் தன் நிகழ்ச்சியில் மூச்சுமுட்ட இருக்கும், கோபமும் சீக்கிரம் வரும். ஜனவரியில் ஓர் இரவு, ஒரு மணி நேரம், ஆளுக்கொரு வேத வாசிப்பு. சிறிதாகத் தொடங்க அது போதும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னைக் கவலைப்படுத்துகிறது. கேரல் குழுவின் பணம், பல ஆயிரம் ரிங்கிட், உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. உங்கள் நேர்மையில் சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் கணக்கு முடங்கும், அந்தப் பணம் உங்கள் சொத்தாகவே பார்க்கப்படும், உங்கள் பிள்ளைகள் நான்கு சபைகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். சண்டை நடக்கும் நேரத்தில் 'பணம் எங்கே' என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், கொள்கைச் சண்டை பணச் சண்டையாகிவிடும். தவிர, ஏழு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து சங்கம் போல இயங்கினால் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் பதிவு விதிகள் குறுக்கே வரலாம். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் சபையில் யாராவது வழக்கறிஞர் இருந்தால் கேளுங்கள். அதுவரை எளிய வழி, ஏற்கெனவே பதிவான ஏதாவது ஒரு சபையின் கணக்கில் தனித் தலைப்பின் கீழ் அந்தப் பணத்தை மாற்றி, வேறு சபையைச் சேர்ந்த ஒருவரையும் கணக்குப் பார்க்க வைப்பது. இதுவரை வந்தது, செலவானது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நான்கு சபைக்கும் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் கையெழுத்து வாங்க வேண்டிய தாள் அதுதான்.